லெசோத்தோ மலைக்கிராமங்களில் தாய்சேய்த் தொண்டு: டர்பனிலிருந்து புறப்படுவோருக்கு

ஆண்டு இறுதி நெருங்கினால், டர்பனின் கோயில் மாதர் சங்கங்களிலும் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழுக்களிலும் இந்த முறை ஹாம்பரை, அதாவது ஏழைகளுக்கான உணவுப்பொருள் மூட்டையை, எங்கே கொண்டுபோவது என்ற பேச்சு கிளம்பிவிடும். நம் ஊரின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஏழைகள் இல்லையா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதுதான். ஆயினும் ட்ராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், அண்டர்பெர்க் வழியாகச் சென்றால் ஒரே பகலில் எட்டிவிடக்கூடிய தொலைவில், லெசோத்தோ என்னும் இன்னொரு நாட்டின் மலைக்கிராமங்களில் தாய்மாரும் குழந்தைகளும் படும் பாட்டை அறிந்தவர்கள் அங்கே போக விரும்புவதிலும் வியப்பில்லை. அப்படிப் போக நினைப்பவர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

லெசோத்தோவின் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே மொகொட்லோங் மாவட்டத்தில் பெரும்பாலான ஊர்கள் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்கிறார். நூறாண்டுக்கும் மேலாக அந்நாட்டு ஆண்கள் நம் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்கு வந்து உழைத்தார்கள். 1980களில் அவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. சுரங்க வேலை சுருங்கிய பிறகு பெண்கள் தலைநகர் மசேருவின் துணித் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். ஆகவே மலையில் நீங்கள் காணும் குழந்தைகளில் பலர் பாட்டியின் பொறுப்பில் வளர்பவர்கள். தாய்மாருக்கான தொண்டு என்று கிளம்பினாலும், நீங்கள் உட்கார்ந்து பேசப் போவது பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியோடுதான் என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் யாரிடம் கேட்பது

நீங்கள் போவதற்கு முன்பே அங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது. கிராமங்களில் சுகாதாரப் பணியாளராக ஊர்ப்பெண்களே இருக்கிறார்கள். நடந்தோ குதிரையிலோ போய்ச் சேர வேண்டிய தொலைவில் ஒரு சுகாதார நிலையமும் அதில் செவிலியரும் இருப்பார்கள். அவர்களுக்குக் கூடுதல் கையாக இருப்பதற்கு மட்டுமே நமக்கு அங்கே இடம் உண்டு. நாம் இறங்கிய பிறகு அவர்களால் தொடர முடியாத எந்த வேலையையும் தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இந்த ஒன்றை ஏற்றுக்கொள்ளாத குழுவோடு நான் போவதில்லை.

எனவே முதல் கடிதம், நீங்கள் போக நினைக்கும் பகுதியின் சுகாதார நிலையத்துக்கோ, அங்கே வேரூன்றி வேலை செய்யும் அமைப்புக்கோ எழுதப்பட வேண்டும். பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பு 2006 முதல் லெசோத்தோவின் மலைப்பகுதிச் சுகாதார நிலையங்களில் அரசோடு சேர்ந்து பணியாற்றுகிறது. மொகொட்லோங்கில் டச்சிங் டைனி லைவ்ஸ் என்னும் அமைப்பு, ஊட்டக்குறைவால் நலிந்த குழந்தைகளைத் தேற்றி மறுபடி அவர்களின் குடும்பத்திடமே சேர்க்கும் வேலையைச் செய்கிறது. இப்படிக் குடும்பத்திடம் திருப்பி அனுப்புவதை நோக்கமாகக் கொண்ட அமைப்பையே தேர்ந்தெடுங்கள். பணம் கட்டினால் இரண்டு நாள் வந்து கைக்குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று அழைக்கும் விடுதிகள் எந்த நாட்டிலும் உண்டு. அங்கே போக வேண்டாம். தூக்கியவர் மாறிக்கொண்டே இருக்கும் குழந்தை யாரிடமும் ஒட்டாமல் போய்விடுகிறது என்பதைக் குழந்தை நல வல்லுநர்கள் பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள்.

கடிதத்தில் மூன்றைக் கேளுங்கள்: எங்களால் ஆகக்கூடிய வேலை எது, அதை யார் மேற்பார்வையிடுவார், நாங்கள் வராத மாதங்களில் அதை யார் செய்வார். மூன்றாவது கேள்விக்கு விடை வராவிட்டால் அந்த வேலையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். ஊர்த்தலைவரின் அனுமதியும் தனியாகத் தேவை. அதை உங்களை அழைக்கும் அமைப்பு வாங்கித் தரும். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் அவரைப் போய்ப் பார்ப்பது உங்கள் கடமை.

தாள்களும் அனுமதிகளும்

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு லெசோத்தோவுக்கு விசா தேவையில்லை. எல்லையில் முத்திரையோடு எழுதித் தரும் நாட்களைக் கவனித்து, அதற்குள் திரும்ப வேண்டும். வண்டி வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் கடிதமும், வாடகை வண்டியானால் வாடகை நிறுவனத்தின் கடிதமும் இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. கடைசி நாளில் இந்தக் கடிதத்துக்காக ஓடுவோர் குழுவுக்கு ஒருவராவது இருப்பார்.

குழந்தைகளோடு பழகப் போகும் ஒவ்வொருவரும், வயதில் மூத்த ஆன்ட்டியானாலும் கோயில் குருக்களானாலும், காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழை வாங்க வேண்டும். அதோடு, 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறை வைத்திருக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் தம் பெயர் இல்லை என்ற உறுதியையும் பெற வேண்டும். அதற்கு 30ஆம் எண் படிவம் உண்டு. பதில் வரக் காலம் எடுக்கும் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். தெரிந்தவர்தானே என்று யாருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள். விலக்குக் கேட்டு முகம் சுளிப்பவரை அழைத்துச் செல்லாமலிருப்பது குழுவுக்கு நல்லது.

குழுவில் மருத்துவரோ செவிலியரோ இருந்தால், அவர்களின் தென்னாப்பிரிக்கப் பதிவு லெசோத்தோவில் செல்லாது. அந்நாட்டு மருத்துவ, செவிலியர் மன்றங்களின் அனுமதி இல்லாமல் அவர்களும் மற்றவர்களைப் போல வெறும் தொண்டர்களே. ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் கிடையாது.

எதைக் கொண்டுபோவது, எதை விட்டுச் செல்வது

பால்மாவு டப்பாக்களைக் கொண்டுபோகாதீர்கள். நல்ல எண்ணத்தோடு நன்கொடையாக வரும் பொருள்களில் கைக்குழந்தைக்கு அதிகத் தீங்கு செய்வது இதுதான். சுத்தமான தண்ணீரும் கொதிக்க வைக்க எரிபொருளும் இல்லாத வீட்டில், கொடுத்த டப்பா தீர்ந்ததும் தாய்க்குப் பாலும் வற்றியிருக்கும், மாவை நீர்க்கக் கரைத்துக் கொடுக்கத் தொடங்குவார்கள், வயிற்றுப்போக்கு பின்தொடரும். உலக சுகாதாரச் சபை 1981லேயே தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கும் இலவச விநியோகத்துக்கும் கட்டுப்பாட்டு நெறிகளை வகுத்ததற்கு இப்படிப்பட்ட சாவுகளே காரணம். எச்.ஐ.வி. உள்ள தாய் பால் கொடுக்கலாமா என்ற கேள்வி உங்கள் குழுவிலேயே எழும். மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும் தாய், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, பிறகு இணை உணவோடு தொடரலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். இதில் மாற்றுக் கருத்தைச் சொல்வதற்குத் தொண்டருக்கு உரிமை இல்லை. கேட்டால் செவிலியரிடம் அனுப்பிவிடுங்கள். தாய்ப்பால் கொடுக்க முடியாத அரிய நிலைகளில் பால்மாவு வேண்டுமா என்பதையும் சுகாதார நிலையமே முடிவு செய்யும்.

நம் வழக்கமான ஹாம்பரில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் இருக்கும். மலைமேல் அரிசி அன்றாட உணவல்ல. சோளமாவில் கிண்டும் பாப்பாவும் மொரோஹோ என்னும் கீரையும்தான் அவர்களின் சாப்பாடு. அதோடு 2,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 91 பாகையிலேயே கொதித்துவிடுவதால், முழுப் பயறும் உலர்ந்த பீன்ஸும் வேக நெடுநேரம் பிடிக்கும். மரமே இல்லாத அந்த மலையில் அடுப்பெரிப்பது காய்ந்த சாணத்தாலும் புதர்ச் சுள்ளியாலும்தான். சுகர் பீன்ஸ் பை ஒன்றைக் கொடுப்பது பாட்டியின் தலையில் இரண்டு நாள் சாணம் பொறுக்கும் வேலையை ஏற்றுவதாகும். உடைத்த பருப்பு, சோளமாவு, நிலக்கடலை, அயோடின் உப்பு, எண்ணெய் ஆகியவை பயன்படும். உணவுப் பற்றாக்குறை கூர்மையாவது அக்டோபர் முதல் மார்ச் வரை, அதாவது அறுவடைக்கு முந்திய மாதங்களில். எனவே டிசம்பரில் கொண்டுபோவது பொருந்தும். ஆனால் முடிந்தவரை மாவட்டத் தலைநகரக் கடையில் வாங்குங்கள். அங்கே நம் ராண்ட் அப்படியே செல்லும், அந்நாட்டுப் பணமான மலோட்டிக்கும் அதற்கும் மதிப்பு ஒன்றே. எல்லையில் பொருள்களுக்குப் பட்டியல் காட்டும் தொல்லையும் குறையும். மிச்சமான மலோட்டி நோட்டுகளைத் திரும்பும் முன் செலவழித்துவிடுங்கள், இந்தப் பக்கம் கடைகளில் வாங்க மாட்டார்கள்.

உடைகளில் கம்பளிக்கும் குழந்தைகளின் காலுறைக்கும் என்றும் தேவை உண்டு. கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்பாவாடைகளை யாரோ மூட்டையில் வைத்தால் தயங்காமல் எடுத்து வெளியே வையுங்கள். வீட்டில் மிஞ்சிய மருந்து மாத்திரை எதையும் ஏற்றாதீர்கள்.

ஏறும் வழி

அண்டர்பெர்க், ஹிம்வில் ஊர்கள் வரை சாதாரணக் கார் போகும். அங்கிருந்து சானி கணவாயில் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு மட்டுமே அனுமதி. எல்லைச் சாவடி காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் திறந்திருக்கும். கணவாயின் உச்சி 2,876 மீட்டர். அதற்கு அப்பால் மொகொட்லோங் போகும் பாதை 3,200 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. கடற்கரையிலிருந்து ஒரே மூச்சில் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நம் சமூகத்தில் வீட்டுக்கு வீடு இருப்பதால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கிளம்பி, ஓர் இரவை ஹிம்வில்லில் கழித்துவிட்டு ஏறுவதே சரி. குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனி விழுந்தால் பாதை நாள்கணக்கில் மூடும். கோடையில் பிற்பகல் இடிமழை ஆறுகளைப் பெருக்கிவிடும். ஜூலைப் பள்ளி விடுமுறையில் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்பவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

வழியில் சிறுவர்கள் ஆட்டுமந்தையை விட்டுவிட்டு வண்டியோடு சேர்ந்து ஓடி மிட்டாய் கேட்பார்கள். பல ஆண்டுகளாகச் சுற்றுலாக்காரர்கள் ஏற்படுத்திய பழக்கம் அது. சன்னல் வழியாக எதையும் வீசாதீர்கள்.

ஊருக்குள்

பெண்ணைக் கண்டால் "லுமேலா, ம்மெ" என்றும், ஆணைக் கண்டால் "லுமேலா, ந்தாத்தெ" என்றும் வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கம் சொல்லாமல் விஷயத்துக்கு வருவது அங்கே மரியாதைக் குறைவு. ஜூலு தெரிந்தவர்கள் அதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். மொழிபெயர்க்க ஊர்ப்பெண் ஒருவரை அமர்த்தி, அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். தலைவரைப் பார்க்கும்போது ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழ் வரும் பாவாடையோ பஞ்சாபி உடையோ பொருந்தும்.

ஒரு வீட்டின் கூரையில் நாணல் ஒன்று செருகியிருந்தால் அங்கே பிள்ளைப்பேறு நடந்திருக்கிறது என்று பொருள். அழைக்காமல் உள்ளே போகக் கூடாது. தீட்டுக் காக்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தாயை எப்போது பார்க்கலாம் என்பதைச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டு, அவரோடு மட்டும் போங்கள்.

தொண்டருக்கு மிகப் பொருத்தமான வேலை, எடை பார்க்கும் நாளில் கைகொடுப்பதுதான். விட்டத்தில் தராசைத் தொங்கவிட்டு, அதில் கால்சட்டை போன்ற பையை மாட்டி, குழந்தையை உட்காரவைத்து எடை பார்ப்பார்கள். பையை மாட்டியபின் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். குளிருக்குப் போர்த்திய கம்பளியையும் நனைந்த துணியையும் அவிழ்க்கும் வேலையைப் பாட்டியிடமே விட்டுவிடுங்கள். அந்நியர் கை பட்டால் குழந்தை அலறித் துள்ளும், முள் நிற்காது. முள் ஓய்ந்ததும் கண் மட்டத்தில் நின்று படித்து, நூறு கிராம் வரை உரக்கச் சொல்லுங்கள். பணியாளர் அதைக் குழந்தையின் புக்கானாவில், அதாவது உடல்நலப் புத்தகத்தில், எழுதுவார். அந்தப் புத்தகத்தை நீங்களாகப் புரட்டக் கூடாது. தாயின் எச்.ஐ.வி. நிலை அதிலிருந்து தெரிந்துவிடும். ஊருக்குள் ஒருவர் காதில் விழுந்தாலும் அந்தப் பெண்ணின் வாழ்க்கை பாழ்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்குப் புயத்தின் சுற்றளவையும் நாடாவால் அளப்பார்கள். இடது கை தளர்ந்து தொங்க வேண்டும்; தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கைக்கும் நடுப்பகுதியைக் கண்டு, அங்கே நாடா சதையை அழுத்தாமலும் இடைவெளி விடாமலும் சுற்ற வேண்டும். 115 மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால் கடும் ஊட்டக்குறைவு, 115க்கும் 125க்கும் இடையில் என்றால் நடுத்தரம். இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தால் அளவு எதுவானாலும் அன்றே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அந்தப் பயணத்துக்கு உங்கள் வண்டியைத் தயாராக வைத்திருப்பதே நீங்கள் செய்யும் மிகப் பெரிய உதவியாக இருக்கக்கூடும்.

வயிற்றுப்போக்குக்கான கரைசலை அங்குள்ள பாட்டிமார் பெரும்பாலும் அறிவார்கள். பொட்டலம் கிடைக்காதபோது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். இதை நீங்கள் சொற்பொழிவாக ஆற்றாமல், பணியாளர் செய்துகாட்டும்போது தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். ஊர்ப்பெண் சொல்லும் சொல்லுக்கு அங்கே இருக்கும் மதிப்பு டர்பனிலிருந்து வந்தவர் சொல்லுக்கு இராது, இருக்கவும் கூடாது.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சுகாதார நிலையத்தை ஒட்டி, பேறுகாலம் நெருங்கிய பெண்கள் வந்து தங்கும் காத்திருப்பு இல்லங்கள் பல இடங்களில் இருக்கின்றன. மலையில் வலி கண்டபின் குதிரையேறிப் புறப்பட்டால் வழியிலேயே ஆறு மறித்துவிடும் என்பதால் கடைசி வாரங்களில் அங்கே வந்துவிடுகிறார்கள். வீட்டில் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த கவலை, நாள் போகாத சலிப்பு, சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு ஆகியவற்றால் சிலர் பேறுக்கு முன்பே வீடு திரும்பிவிடுவதுண்டு. அவர்களோடு சேர்ந்து சமைப்பது, விறகும் எரிவாயு உருளையும் வாங்கித் தருவது, கம்பளி நூலும் பின்னல் ஊசியும் கொடுத்து ஒன்றாக உட்கார்ந்து குழந்தைத் தொப்பி பின்னுவது ஆகியவை எளிய வேலைகள். ஆனால் ஒரு பெண் அந்த இல்லத்தில் கடைசிவரை தங்கிவிட அவையே காரணமாகலாம். நம் குழுக்களில் உள்ள மூத்த பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான பணி இல்லை என்பேன்.

ஆட்டிடையச் சிறுவர்களை மறந்துவிடாதீர்கள். 2000 முதல் தொடக்கக்கல்வி படிப்படியாக இலவசமாக்கப்பட்டும், கோடையில் மேட்டுப் பட்டிகளில் தங்கும் அவர்களில் பலர் பள்ளி வாசலைக் காணாதவர்கள். எடை பார்க்கும் நாளில் அவர்களைக் காணவே முடியாது. மாலை வகுப்பு நடக்கும் ஊரானால், அந்த ஆசிரியரைக் கேட்டுச் சூரிய விளக்கும் எழுதுபொருளும் கொடுக்கலாம்.

விருந்தோம்பலுக்குக் குறைவிருக்காது. இருப்பது ஒரே கோழியானாலும் அடித்துவிடுவார்கள். புரட்டாசி விரதத்தில் போகிறவர்களும் என்றும் மரக்கறி உண்பவர்களும் முதல் நாளே பணியாளர் வழியாகச் சொல்லிவிட்டால், பாப்பாவும் மொரோஹோவும் வரும், கோழியும் பிழைக்கும். தட்டில் வைத்தபின் மறுப்பதுதான் மனம் நோகச் செய்யும்.

படமும் கணக்கும்

நன்கொடையாளர்களுக்குக் காட்டப் படம் வேண்டும் என்ற நெருக்கடி எல்லாக் குழுவுக்கும் உண்டு. பொட்டலத்தை நீட்டிக்கொண்டு, வாங்குபவர் முகம் தெரிய எடுக்கும் படத்தை நம் பிள்ளையை வைத்து எடுக்க விடுவோமா என்று கேட்டுப் பாருங்கள். லெசோத்தோவில் 2011ஆம் ஆண்டுக் குழந்தைப் பாதுகாப்பு, நலச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. குழந்தையின் முகம், பெயர், ஊர் மூன்றும் ஒன்றுசேர்ந்து வெளியாகக் கூடாது. சுகாதார நிலையத்துக்குள் கேமராவே வேண்டாம். கட்டிய அடுப்பு, அடுக்கிய மாவு மூட்டை, வாங்கிய ரசீது ஆகியவற்றின் படம் கோயில் கூட்டத்துக்குப் போதும்.

திரும்பிய வாரமே வரவுசெலவை எழுதி, ஒரு பிரதியைச் சுகாதார நிலையத்துக்கும் அனுப்புங்கள். எதற்கு எவ்வளவு செலவானது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நன்கொடையாளருக்கு உள்ளதைவிட அவர்களுக்கு அதிகம். மிச்சப் பணத்தை அடுத்த ஹாம்பருக்கு ஒதுக்காமல், நீங்கள் போகாத மாதங்களில் பணியாளரின் பயணச் செலவுக்கும் காத்திருப்பு இல்லத்தின் எரிவாயுவுக்கும் அமைப்பின் வழியாக அனுப்பலாம். ஆண்டுக்கொரு புதிய ஊர் என்று மாறாமல் அதே ஊருக்கே மறுபடி செல்லுங்கள். தேதியைச் செவிலியர் குறிக்கட்டும். அது தைப்பூசக் காவடிக்கோ தீபாவளிக்கோ இடித்தால் குழுவில் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். மீதிப்பேர் போனால் போதும், எடை பார்க்க ஒரு வண்டிக்கு நான்கு பேருக்கு மேல் தேவைப்படுவதில்லை.